குளத்தில் எல்லோரும் ஏன் நிமிர்ந்து பார்த்தார்கள்?

அந்தக் கோடையில் காட்டுக் குட்டைகள் எல்லாம் வற்றிவிட்டன. மருதமரக் குளத்தில் மட்டும் தண்ணீர் இருந்தது. மான்கள், மயில்கள், மந்திகள் எல்லாம் காலையில் அங்கேதான் கூடின.

குறிஞ்சி என்ற சருகுமானும் வந்தது. முயலைவிடச் சற்றே பெரிய, கொம்பில்லாத மான் அது. கூச்ச சுபாவம் வேறு. புதரை விட்டு ஒரு கால் எடுத்து வைத்ததும் காய்ந்த இலைகள் சரசரத்தன. அவ்வளவுதான். குடித்துக்கொண்டிருந்த அத்தனை விலங்குகளும் தலையை நிமிர்த்தி அதையே பார்த்தன. அரட்டை அடித்த மந்திகள்கூட வாயை மூடிக்கொண்டன.

'ஏன் பார்க்கிறார்கள்? என் நடை கோணலா? மூக்கில் சேறா? என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்களோ? ஆமாம், அதனால்தான் பேச்சை நிறுத்திவிட்டார்கள்!'

தானே கேட்டுத் தானே பதிலும் சொல்லிக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் குறிஞ்சி ஓடிவிட்டது.

அதன் பிறகு குளத்துப் பக்கமே போகவில்லை. இலைகளில் இருந்த பனியை நக்கிப் பார்த்தது. அது எம்மாத்திரம்? நாக்கு ஒட்டிக்கொண்டது, கால்கள் தள்ளாடின. வழியில் காட்டுக்கோழி பார்த்துவிட்டது.

"என்ன குறிஞ்சி, இப்படி வாடிப் போயிருக்கிறாய்?"

"குளத்தில் யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை அக்கா."

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை. பார்த்த பார்வையிலேயே தெரிந்தது."

"நானும் அங்கேதானே இருந்தேன். நீ வந்தாயா என்ன? எனக்கு நினைவே இல்லையே."

குறிஞ்சியின் முகம் தொங்கிவிட்டது. "நினைவுகூட இல்லையா? அவ்வளவு கேவலமாகப் போய்விட்டேனா?"

 கோழி குழம்பிப்போய் இரை தேடப் போய்விட்டது.

தாகம் எத்தனை நாள் பொறுக்கும்? அதிகம் யாரும் வராத உச்சிவெயிலில் குறிஞ்சி குளத்துக்குப் போய் வாயை வைத்தது. பின்னால் சரசரவென்று சத்தம். சடாரென்று தலையை நிமிர்த்திப் பார்த்தது. முள்ளம்பன்றி ஒன்று வெலவெலத்துப்போய் நின்றது.

"நான் வந்தது உங்களுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. போய்விடுகிறேன்" என்றது அது.

"ஐயோ, நில்லுங்கள்! சிறுத்தையோ என்று பயந்து பார்த்தேன். தண்ணீர் குடிக்கும்போது சத்தம் கேட்டால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? வந்தது நீங்கள் என்றுகூட நான் கவனிக்கவில்லை."

சொல்லி முடித்ததும் குறிஞ்சி திகைத்து நின்றது. "அப்படியானால் அன்றைக்கு அவர்களும்...?"

"எவர்கள்?" முள்ளம்பன்றிக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஒன்றுமில்லை. வாருங்கள், குடிக்கலாம்."

இரண்டும் குடித்துக்கொண்டிருந்தபோது மான்கூட்டம் வந்தது. எல்லா மான்களும் இவற்றைப் பார்த்தன. குறிஞ்சிக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆனாலும் நகரவில்லை. வயிறு நிறையும்வரை குடித்தது.

அடுத்தவர் மனதில் இருப்பதைக் கேட்டறியாமல் நாமே முடிவுகட்டிக்கொண்டால், தண்ணீருக்கு அருகிலேயே தாகத்தோடு தவிக்க வேண்டியதுதான்.