பன்றி தோண்டிய பள்ளமும் நண்டுக்கு வரவேண்டிய பனம்பழமும்

கிழட்டு நண்டு செங்காலனுக்கு முதலில் அநியாயம் செய்தது தெற்றுப்பல்லன் என்ற காட்டுப்பன்றிதான். செங்காலனின் வளை வாசலில் ஒரு பனம்பழம் தானாக வந்து விழுந்தது. நல்ல பழம். விழுந்த வேகத்தில் வாய் பிளந்து, வாசனை கடல்வரைக்கும் போனது. நண்டு கொடுக்கை நீட்டுவதற்குள் பன்றி ஓடிவந்து கவ்விக்கொண்டது.

"அடே! அது என் வாசல்ல விழுந்த பழம்!"

"கோவிச்சுக்காதீங்க அண்ணே! என் வீட்டுக்காரி மசக்கையா இருக்கா. அடுத்த பழம் உங்களுக்குத்தான்!"

அடுத்த பழம் விழுந்தது. அதையும் பன்றிதான் தின்றது. அதற்கடுத்ததையும் தின்றது. பனம்பழக் காலமே முடிந்துவிட்டது. அன்றுமுதல் பன்றியைக் கண்டால் செங்காலன் கொடுக்கை ஒரு தட்டுத் தட்டி, "பழம்!" என்று மட்டும் சொல்லும். "வரும் அண்ணே, வரும்!" என்று பன்றியும் நடையை நிறுத்தாமலே பதில் சொல்லும்.

இவர்கள் இருந்தது கடலோரத் தாழங்காடு. மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் கடல் இரையும். இந்தப் பக்கம் ஒரு சின்னக் குளம். தண்ணீர் இளநீர்போல இனிக்கும். செங்காலனின் வளை மணலுக்குள் இறங்கி இறங்கிப் போகும். அதன் அடியிலும் அதே நல்ல தண்ணீர் ஒரு கை அளவு ஊறிக் கிடக்கும். செங்காலன் நல்ல தண்ணீர் நண்டு. உப்பு அதற்கு ஆகாது. அந்த ஒரு கைத் தண்ணீர்தான் அதன் உயிர், அதன் சொத்து எல்லாம்.

ஐப்பசி நெருங்கியது. காற்று பலத்தது.

"என் குட்டிகளுக்குக் காத்தே படாத வீடு கட்டப்போறேன்! பூமிக்குள்ளே கட்டப்போறேன்!" என்றது பன்றி. குளத்துக்கும் நண்டு வளைக்கும் நடுவில் மூக்கால் கிளறத் தொடங்கியது. தோண்டிய மண் ஒரு பக்கம் மலையாகக் குவிந்தது. ஆழம் போனதும் அடியிலிருந்து குபுகுபுவென்று தண்ணீர் வந்தது.

"ஐயோ, என் வீட்டுக்குள்ள தண்ணி புகுந்துடுச்சே!"

"தண்ணி வீட்டுக்குள்ள நீதான்யா புகுந்திருக்கே!" என்று குளத்துத் தவளை கத்தியது.

பன்றி ஓடிப்போய் யானையை அழைத்து வந்தது. "யானையக்கா, உங்களால ஆகாதது உண்டா? ஒரு உறிஞ்சு உறிஞ்சுங்க!"

யானைக்குப் புகழ்ச்சி பிடிக்கும், தண்ணீரும் பிடிக்கும். துதிக்கையை விட்டு உறிஞ்சியது. திரும்பிப் பள்ளத்து ஓரத்தில் ஊற்றியது. மறுபடி உறிஞ்சியது, மறுபடி ஊற்றியது. வெயில் உச்சிக்கு வந்தும் பள்ளத்தில் ஒரு விரல் தண்ணீர்கூடக் குறையவில்லை.

செங்காலன் வாசலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. ஊற்றிய தண்ணீர் மணலுக்குள் இறங்கி, பள்ளத்துச் சுவரில் கசிந்து, வந்த இடத்துக்கே போய்ச் சேருவது அதற்கு நன்றாகத் தெரிந்தது. 'பழத்தைக் கொடுக்கட்டும், சொல்றேன்' என்று வாயை மூடிக்கொண்டது.

கடைசியில் யானையே குனிந்து பார்த்தது. "அட என் புத்தியே! நான் ஊத்துன தண்ணியைத்தான் நானே உறிஞ்சிக்கிட்டு இருக்கேன்!" என்று அதுவும் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு ஒவ்வொரு முறையும் மணல்மேட்டைத் தாண்டிப்போய்க் கடலில் கொட்டியது. ஊற ஊற இறைத்தது. பள்ளம் காய்ந்தது. பன்றி உள்ளே இறங்கி ஒரு ஆட்டம் போட்டது.

மறுநாள் காலையில் குளம் பாதியாகிவிட்டது. அல்லி இலைகள் சேற்றில் படுத்துக் கிடந்தன. செங்காலன் வளைக்குள் இறங்கியது. அடியில் ஈரமே இல்லை! பதறிப்போய் இன்னும் கீழே தோண்டியது. தண்ணீர் வந்தது. வாயில் வைத்ததும் துப்பியது.

"உப்பு!"

"இங்கேயும் கரிக்குது!" என்று குளத்திலிருந்து தவளை அழுதது.

மேலே இருந்த நல்ல தண்ணீர் போகப் போக, அடியில் கிடந்த கடல் தண்ணீர் அந்த இடத்துக்கு ஏறி வந்துவிட்டது. இதைச் செங்காலனும் எதிர்பார்க்கவில்லை. நேற்றுச் சிரித்த சிரிப்பெல்லாம் அதற்கு மறந்துபோனது. பக்கவாட்டில் பாய்ந்து பள்ளத்து விளிம்புக்கு வந்தது.

"அடே தெற்றுப்பல்லா! என் பழத்தைத் தின்னே, பொறுத்துக்கிட்டேன். இப்ப என் தண்ணியையும் குடிச்சிட்டியே!"

"நான் உங்க வளைப் பக்கமே வரலையே அண்ணே! இறைச்சது என் பள்ளத்துத் தண்ணி!"

"மண்ணுக்குள்ள என்ன வேலியா கிடக்கு, இது உன் தண்ணி, அது என் தண்ணின்னு? இறைக்கிறதை நிறுத்துடா!"

பெண்பன்றி மூச்சிரைக்க வந்து நின்றது. வயிறு தரையைத் தொட்டது. "நிறுத்தினா இந்தப் பள்ளம் ரொம்பிப் போகுமே! மழை வந்தா என் குட்டிகளை நான் எங்கே போட்டு வெச்சுக்குவேன்?"

"எங்கேயாவது போ! உன் புருஷன் மலை மாதிரி மண்ணைக் குவிச்சு வெச்சிருக்கானே, அது உச்சியில ஏறி உட்காரு!" என்று நண்டு சீறியது.

பெண்பன்றி அந்த மண்மேட்டைப் பார்த்தது. மெல்ல ஏறியது. உட்கார்ந்தது. புரண்டு படுத்தது.

"ஏங்க! இங்க அடியில ஈரமே இல்லைங்க! தாழம்புதர் காத்தையும் மறைக்குது! இதைவிட நல்ல வீடு எங்கே இருக்கு?"

"நான் திட்டினேன்! யோசனை சொல்லலை!" என்று நண்டு குதித்தது. யார் கேட்டார்கள்? யானை இறைப்பதை விட்டுவிட்டு மேட்டை மிதித்து இறுக்கியது. பன்றி பனையோலைகளை இழுத்துவந்து மேலே போட்டது.

மழை வந்தது! எப்போதும் அந்தக் காட்டில் மழைத் தண்ணீர் வளை வளையாகப் புகுந்து எல்லாரையும் விரட்டிவிட்டு, பிறகு வீணாகக் கடலுக்கு ஓடும். இந்த முறை அத்தனையும் பன்றியின் பள்ளத்தில் போய் இறங்கியது. பள்ளம் நிறைந்தது. நிறைந்த தண்ணீர் மெல்ல மெல்ல மணலுக்குள் இறங்கியது. குளம் ஏறியது. அல்லி தலை தூக்கியது. செங்காலன் தினமும் தன் வளைத் தண்ணீரை நக்கிப் பார்த்தது. உப்பு. பிறகு கொஞ்சம் உப்பு. ஒருநாள், இளநீர்!

தவளைகள் கல்யாண மேளம்போல முழங்கின. மேட்டில் பிறந்த குட்டிகள் சறுக்கிச் சறுக்கிப் பள்ளத்துத் தண்ணீரில் விழுந்தன. யானை எல்லார்மேலும் தண்ணீரை அடித்தது. செங்காலன் தன் ஒரு கைத் தண்ணீரில் மல்லாந்து கிடந்து இரண்டு கொடுக்கையும் தட்டியது. சந்தோஷப்படக் கூடாது என்றுதான் நினைத்திருந்தது. முடியவில்லை.

பன்றி மேட்டில் ஏறி நின்று, "மேல வீடு, கீழ குளம்! எல்லாம் என் ஏற்பாடு!" என்று பெருமையடித்தது. பின்னாலிருந்து யாரோ வாலை நறுக்கென்று கிள்ளினார்கள்.

"அம்மாடியோ!"

"பழம்!"

"வரும் அண்ணே, வரும்! வர்ற ஆடியில முதல் பழம் உங்களுக்குத்தான்!"

ஆடி வந்தது. முதல் பழமும் விழுந்தது. இந்த முறை குட்டிகள் முந்திக்கொண்டன. "தாத்தா, அடுத்தது உங்களுக்கு!" என்று அப்பனைப்போலவே சொல்லிவிட்டு ஓடின. செங்காலன் இன்னும் வாசலில் உட்கார்ந்து பனைமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

மண்ணுக்கு அடியில் இருக்கும் தண்ணீர் அக்கம்பக்கத்தார் எல்லாருக்கும் பொது, அவர்களைக் கேட்காமல் அதை இறைக்கக் கூடாது; ஆனால் பனம்பழம் பொது அல்ல, அது யார் வாசலில் விழுந்ததோ அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.