பல்வலிக்குப் பத்துப் பேர்

கொப்பரைப்பட்டிக்காரர்களைப் பற்றிச் சுற்றுப்பட்டு ஊர்களில் என்னென்னவோ சொல்வார்கள். கேட்டதையெல்லாம் நம்பிவிடக் கூடாது. நடந்தது அதைவிட மோசம்.

அந்த ஊர்ச் சடையாண்டிக்குப் பல்வலி வந்தது. வலப்பக்கக் கடைவாய்ப் பல். கன்னம் பணியாரமாக உப்பிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம் என்றால், கடிக்க முடியாததுதான் பிரச்சினையே.

வருகிற வெள்ளிக்கிழமை குலசாமிக்குக் கிடாவெட்டு. அந்தக் கிடாவைக் குட்டியிலிருந்து வளர்த்தவர் சடையாண்டிதான். அகத்திக்கீரை ஒடித்துப் போடும்போதெல்லாம் அதன் பின்னங்காலைத் தடவிக் கொடுப்பார். அன்பில் தடவுகிறார் என்று கிடா நினைத்துக்கொண்டது. அன்புதான், ஆனால் அது உள்ளே இருந்த நல்லி எலும்பின் மேல். வருஷம் முழுக்க அந்த எலும்பைக் கடிப்பதாகவே கனவு கண்ட மனுஷனுக்கு, பந்தி போடுகிற வாரத்தில் பல் காலை வாரினால் அழுகை வராதா? சடையாண்டி வாய்விட்டு அழுதார். அதிலும் முழுசாக வாயைத் திறக்க முடியவில்லை.

"டவுனு டாக்டர்கிட்ட போங்கண்ணே" என்றார் மாயழகு. ஊரிலேயே பெரிய போன் வைத்திருப்பவர் அவர்தான். எழுத்துக் கூட்டி வாசிக்கவும் தெரியும்.

"போனாப் பிடுங்கிப்புடுவாங்கப்பா. அப்புறம் நல்லிய எதவச்சுக் கடிக்க?"

நல்ல வேளையாக அந்த வாரம் நர்ஸம்மா ஊருக்கு வந்தார். மாயழகின் போனில் 'ஊர்கூடி' என்று ஒரு செயலியை ஏற்றிக் கொடுத்தார். "இனிமே நோயாளி வாய மூடிக்கிட்டு இருக்க வேண்டாம். உங்க அனுபவத்த நீங்களே இதுல எழுதலாம். ஒரே நோவு வந்தவங்க பத்துப் பேரு எழுதினா, எது கேட்டுச்சு, எது கேக்கலன்னு தெரிஞ்சுபோகும். பட்டவங்க மட்டுந்தான் எழுதணும். பொய் எழுதக் கூடாது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். அங்கேதான் தப்பு செய்தார். அவர் கூடவே இருந்திருக்க வேண்டும்.

முதலில் வாயைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னது செயலி. படம் தெளிவாக இருக்க வேண்டுமாம். சடையாண்டி எந்நேரமும் வெற்றிலை மெல்லுகிறவர், எத்தனை தடவை எடுத்தாலும் கிணற்றுக்குள் பார்த்ததுபோல இருட்டாகவே விழுந்தது. யோசித்துப் பார்த்து, ஊருக்குப் புதிதாக வாழ வந்த மருமகள் ஒருத்தியைச் சிரிக்கச் சொல்லி எடுத்து அனுப்பினார்கள். படம் பளிச்சென்று விழுந்தது.

"பல்லு ரொம்ப நல்லா இருக்குன்னு பதில் வந்துருச்சுண்ணே!" என்றார் மாயழகு.

சடையாண்டிக்கு உடனே வலி விட்டதுபோலத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு முறுக்கைக் கடித்தார். அவர் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்கையெல்லாம் பறந்துபோனது.

ஊர் கூடியது. ஊர்த்தலைவரான பெரியதனக்காரர் வெள்ளைக்கண்ணு நடுவில் உட்கார்ந்தார்.

"பல்லுவலிக்காரங்க பத்துப் பேரு வேணும். ஊர்ல இருக்கது சடையாண்டி ஒருத்தன். என்ன செய்யலாம்?"

"எனக்குப் போன மாசம் முதுகுவலி வந்துச்சு. அதச் சேத்துக்கலாமா?" என்றார் கிடாவெட்டை நடத்துகிற ஒச்சப்பன். சடையாண்டியின் தங்கை வீட்டுக்காரர்.

"முதுகும் பல்லும் ஒண்ணா மாப்ள?"

"ரெண்டும் எலும்புதானே?"

இதை வெகுநேரம் யோசித்தார்கள். பிறகு வெள்ளைக்கண்ணு, "முதுகால மெல்ல முடியாதப்பா" என்று தீர்ப்புச் சொன்னார்.

"அப்ப வலிக்குதுன்னு சும்மா எழுதிவிடுவமா?"

"பொய் எழுதக் கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லிருக்கு."

கொப்பரைப்பட்டியில் எந்தக் குறை இருந்தாலும் பொய் மட்டும் கிடையாது. பொய்க்குக் கொஞ்சமாவது மூளை வேண்டுமே. எனவே ஒரே வழிதான் இருந்தது. சடையாண்டியைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டு, அவருக்காகப் பத்துப் பேருக்குப் பல்வலி வரவழைக்க வேண்டும்.

ஆள் தட்டுப்பாடே இல்லை. நான் நீ என்று முந்திக்கொண்டு வந்தார்கள். முதலில் புளியங்கொட்டையைக் கடித்தார்கள். அது ருசியாக இருந்ததால் வேலைக்கு ஆகவில்லை. அப்புறம் ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லியை ஆளுக்கு ஒன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். வெள்ளைக்கண்ணு தன் வாயிலும் ஒரு ஜல்லியோடு "ம்" என்றதும் ஒரே நேரத்தில் கடித்தார்கள். பொழுது சாயும்போது பத்துக் கன்னமும் உப்பியிருந்தது. தனக்காக இத்தனை பேரா என்று சடையாண்டி ஒவ்வொரு கன்னத்தையும் தொட்டுத் தொட்டுக் கும்பிட்டார்.

பத்துப் பேரும் எழுதினார்கள். செயலி அடுத்த கேள்வியைக் கேட்டது: 'எதனால் குணமானது?'

 அதைப் பற்றி யாரும் யோசித்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் சடையாண்டி கிடாவுக்குக் கீரை போடப் போனார். கிடாவெட்டுக்கு இன்னும் ஒரு பொழுதுதான். பின்னங்காலைக் கட்டிக்கொண்டு "எஞ்சாமி, ஒன்னையக் கடிக்கக் குடுத்து வைக்கலையே" என்று ஒப்பாரி வைத்தார். கிடாவும் எவ்வளவுதான் பொறுக்கும்? திரும்பி ஒரே முட்டு. சொத்தைப் பல் தெறித்துக் கழுநீர்த் தொட்டியில் விழுந்தது. தடவிப் பார்த்தார். வலி இல்லை. மற்ற பல்லெல்லாம் அப்படியே இருந்தது. நல்லி கடிக்க அது போதாதா?

"கொணமாயிருச்சு! கிடா முட்டிக் கொணமாயிருச்சு!" என்று தெருவெல்லாம் ஓடினார். ஓடாமல் இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும்.

பத்துப் பேரும் கிடா முன்னால் வரிசையில் நின்று கன்னத்தைக் காட்டினார்கள். கிடாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சலிக்காமல் முட்டியது. சிலருக்கு வலித்த பல் விழுந்தது, சிலருக்கு வலிக்காத பல்.

"எப்பிடிண்ணே இருக்கு?" என்று கேட்டார் மாயழகு.

"பல்லுவலி தெரியலப்பா" என்றார் வெள்ளைக்கண்ணு. "தாடதான் கழண்டுபோன மாதிரி இருக்கு."

"அதத் தாடவலியில தனியா எழுதிக்கலாம்ணே."

'குணப்படுத்தியவர்' என்ற இடத்தில் பத்துப் பேரும் கிடா என்று உண்மையை எழுதினார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. அரிவாள் தீட்டியாயிற்று. சடையாண்டி விடியும் முன்னே இலை போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒச்சப்பன் கிடாவுக்கு மாலை போடப் போகையில் வெள்ளைக்கண்ணு குறுக்கே பாய்ந்தார்.

"டாக்டரையா வெட்டப் போறீங்க?"

எல்லோரும் கிடாவைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"சாமி கோவிச்சுக்காதா பெருசு?" என்றார் ஒச்சப்பன்.

"சாமிக்கும் கோரப்பல்லு இருக்குல்ல? நாளைக்கு வலிச்சா யார்கிட்டப் போகும்?"

 சாமிக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. சடையாண்டி நல்ல பற்களால் பொங்கலை மென்று மென்று அழுதார்.

மாலை என்னவோ கிடாவுக்கு விழுந்தது. வீட்டுக்கு வீடு டாக்டருக்குப் பொங்கலும் வடையும் ஊட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை கிடா வயிறு ஊதிப் படுத்துவிட்டது. புல்லைக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சடையாண்டிக்கு முதலில் உள்ளுக்குள் சந்தோஷம்தான். செத்துப்போனால் எப்படியும் நல்லி கிடைக்கும் அல்லவா? ஆனால் கிடா மெல்லத் தலையைத் தூக்கி அவர் மடியில் வைத்துக்கொண்டது. அவ்வளவுதான், எலும்பு நினைப்பெல்லாம் போய்விட்டது. "இத எப்பிடியாவது காப்பாத்துங்கய்யா" என்று கதறினார்.

"மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவமா?"

"டாக்டருக்கே டாக்டரா? ஊர் கேட்டாச் சிரிக்கும்" என்றார் வெள்ளைக்கண்ணு. "போன எடு மாயழகு."

போனை எடுத்தார்கள். பழைய சிக்கல்தான். கிடாவின் நோவைக் கிடாவாக இருந்து பட்டவர்கள்தான் எழுத வேண்டும். அதுவும் பத்துப் பேர். பொய் எழுதக் கூடாது.

கிடா குணப்படுத்தியதாகப் பத்துப் பேர் எழுதியிருப்பதைப் பார்த்துத் திங்கட்கிழமை நர்ஸம்மா அலறியடித்துக்கொண்டு வந்தார். ஊர் மந்தைவெளியில் வரிசையாக முளைக்குச்சி அடித்திருந்தது. முளைக்கு ஒருவராக ஊர் ஆம்பளைகள் கழுத்தில் கயிறோடு நாலுகாலில் நின்று பொங்கலும் அகத்திக்கீரையும் மென்றுகொண்டிருந்தார்கள். எல்லார் வயிறும் ஊதியிருந்தது. வரிசைக்கு முன்னால் நின்ற வெள்ளைக்கண்ணு தாடியை ஆட்டினார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அப்படியே கிடா ஆட்டுகிற மாதிரி இருந்தது.

முளைகளுக்குப் பின்னால் அசல் கிடா எழுந்து நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. இத்தனை கவலையில் அதை யாரும் கவனிக்கவில்லை.

 சடையாண்டி கீரையை விழுங்கிவிட்டு, முன்னங்கையால் ஒரு கயிற்றை எடுத்து நீட்டினார்.

"நல்ல நேரத்துல வந்தீக நர்ஸம்மா. மெல்ல முடியாதவங்க போக ஒன்பது பேரு கிடாவாயிட்டோம், ஒரு ஆளுதான் கொறையுது. கீரைய பிஞ்சாப் பாத்து எடுத்து வச்சிருக்கோம். முட்டத் தெரியாட்டியும் பரவால்ல, பழகிக்கலாம்."