ஆவுடையப்பன் அண்ணாச்சியின் மூன்று மாத வைராக்கியம்

வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் கொடுத்துவிட்டு, நாலு இட்லி தின்றுவிட்டு, அடுத்த முறை கொடுக்க இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். சர்க்கரை வந்தவனுக்கு அதைவிட நீளமான நேரம் கிடையாது. பாளையங்கோட்டையில் ஒரு லேப் பெஞ்சில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். நான், ரிட்டயர்டு கண்டக்டர் சுடலைமுத்து, எதிரே ஆவுடையப்பன் அண்ணாச்சி. சர்க்கரை இல்லாத ஒரே ஆள் அண்ணாச்சியின் மனைவி கோமதி மதினி, துணைக்கு வந்திருந்தார்.

அண்ணாச்சிக்கு ஊசி என்றால் ஆகாது. காலையில் ரத்தம் எடுத்தபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மதினியின் கையைப் பிடித்த பிடியில் வளையல் தடம் அப்படியே பதிந்துவிட்டது. மதினி இன்னும் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவையும் சர்க்கரை இறங்கவில்லை என்றால் தினமும் இரண்டு வேளை இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

"நான் பயப்படல வே" என்றார் அண்ணாச்சி, யாரும் கேட்காமலே. "தை ஒண்ணாந்தேதி முடிவு எடுத்தேன். இனிப்பு கிடையாது, தினம் நடை. இன்னைக்கு வரைக்கும் பிசகல."

"எல்லாரும் எடுக்கதுதான். மாட்டுப் பொங்கலுக்குள்ள முடிஞ்சிரும்" என்றார் சுடலைமுத்து.

"அது உம்ம முடிவு. நான் பொங்கப்பானையை ஒரு பார்வை பாத்தேன். பொங்கி வந்தது அப்படியே உள்ள இறங்கிட்டு. மூலையில சாத்தி வச்சிருந்த கரும்பு மறுநாள் மூங்கிலாயிட்டு. இப்ப அதை வச்சுத்தான் ஒட்டடை அடிக்கோம்."

சுடலைமுத்து மதினியைப் பார்த்தார். "அவுக சொல்லி முடிக்கட்டும்" என்றார் மதினி.

"ஒரு வாரத்துல வீட்டு எறும்பு பூரா காலி பண்ணிட்டு. முட்டையத் தூக்கிக்கிட்டு, வரிசையா, எதுத்த வீட்டுக்கு. கடைசி எறும்பு வாசல்ல நின்னு ஒரு தடவை திரும்பிப் பாத்துச்சு. எனக்கே சங்கடமாப் போச்சு."

"சரி, நடை?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"காலையில அஞ்சு மணிக்கு நடை. ஒரு நாள் அசதியில தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா ரெண்டு காலையும் காணும்."

"எதைக் காணும்?"

"காலை வே. பழக்கம். நான் எந்திரிக்கலேன்னதும் அதுக ரெண்டும் செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டு. ஆறரை மணிக்குத் திரும்பி வந்து, கழுவிட்டுத்தான் கட்டில்ல ஏறுச்சு."

"எதைக் கொண்டு கழுவுச்சு?" என்றார் சுடலைமுத்து. முப்பது வருஷம் டிக்கெட் இல்லாதவனைப் பிடித்த ஆள்.

"ஒண்ணை ஒண்ணு கழுவிவிட்டுக்கிட்டு."

"அதுவரைக்கும் நீங்க?"

"படுத்துத்தான் கிடந்தேன். காலு இல்லாம எப்படி எந்திரிக்க? நம்புத மாதிரி கேளும்."

சுடலைமுத்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அண்ணாச்சி அடுத்ததற்குப் போய்விட்டார்.

"மாசியில ஒரு கல்யாணம். பொண்ணோட அப்பா அல்வாவை எடுத்து வாயில ஊட்ட வந்தாரு. பெரிய மனுசன் மனசு நோகக் கூடாதுன்னு வாயைத் திறக்கப் பாத்தேன். திறக்கல. உள்ள இருந்து வைராக்கியம் பூட்டிட்டு. நாலு பேரு தாடையைப் பிடிச்சு இழுத்தும் அசையல. அதைப் பாத்து அந்த அல்வா என்ன செஞ்சுது தெரியுமா?"

"ஓடிட்டா?"

"அல்வா எப்படி வே ஓடும்? கொஞ்சம் அறிவோட பேசும். நெய்யைச் சுருட்டிக்கிட்டு மெதுவா நகந்து அடுத்த இலைக்குப் போயிட்டு."

நான் சிரிக்கவில்லை. அண்ணாச்சி முகம் அப்படி. அவர் மனதார நம்பிக்கொண்டு சொல்கிறார், நாம் சிரித்தால் நமக்குத்தான் பாவம்.

"அப்புறம் அல்வாக் கடைக்காரங்க எல்லாம் சேர்ந்து வீட்டுக்கே வந்துட்டாங்க. ‘அண்ணாச்சி, நீங்க கடை வாசல்ல நடந்து போனா பாகு பதத்துக்கே வரமாட்டேங்கு, வேற பாதையாப் போங்க’ன்னு கும்பிட்டாங்க. புள்ளகுட்டிக்காரங்க, பாவம். அன்னையிலருந்து ஆத்தோரமாத்தான் நடக்கேன். தாமிரபரணித் தண்ணியில முன்ன ஒரு இனிப்பு இருந்துச்சுல்லா? இப்ப இல்லையே. நான்தான் காரணம். வருத்தமாத்தான் இருக்கு, என்ன செய்ய?"

"அண்ணாச்சி" என்றார் சுடலைமுத்து. "உங்க சட்டைப் பையில எறும்பு."

ஒன்றல்ல. பைக்குள்ளிருந்து தோள் வரைக்கும் ஒரு வரிசை போய்க்கொண்டிருந்தது. அண்ணாச்சி குனிந்து பார்த்தார்.

"பழசை மறக்காத ஜீவன்" என்றார். "விசாரிச்சுட்டுப் போக வந்திருக்கு."

அப்போது லேப்பில் வேலை பார்க்கும் ஜெபராணி தாளோடு வெளியே வந்தாள். "சத்தமா வாசிம்மா, எல்லாரும் கேக்கட்டும்" என்றார் அண்ணாச்சி.

"வெறும் வயித்துல நூத்தி எட்டு."

அண்ணாச்சி எழுந்தே நின்றுவிட்டார். சுடலைமுத்து பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"மூணு மாசச் சக்கரை, பதினொண்ணு புள்ளி ரெண்டு."

"அது என்னம்மா கணக்கு?"

"மூணு மாசமா உடம்புல சக்கரை எப்படி இருந்துச்சுன்னு இது காட்டிக் குடுத்துரும். ஏழுக்குள்ள இருக்கணும். டெஸ்டுக்கு முந்தி மூணு நாள் மட்டும் பத்தியம் இருந்துட்டு வாராங்கல்லா, அவங்களுக்காக டாக்டர் இந்தத் தடவை இதையும் எழுதியிருக்காவ. இந்த அளவு இருந்தா ஊசிதான்."

மூன்று நாளாகப் பாகற்காய்ச் சாறு குடித்துக்கொண்டிருந்தவன் நானும்தான். சுடலைமுத்துவும் தரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எங்கள் ஊரில் சர்க்கரைக்காரன் எவனும் வேறு மாதிரி டெஸ்டுக்கு வந்ததில்லை.

அண்ணாச்சி மெதுவாக உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது. தினமும் இரண்டு ஊசி. எனக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது. அவரை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் அவர் தன்னை விடவில்லை. தொண்டையைச் செருமினார்.

"பாத்தீரா வே, என் வைராக்கியம் எவ்வளவு கட்டுன்னு? வெளியிலருந்து ஒரு பொட்டுச் சக்கரை உள்ள போகல. உள்ள இருந்ததையும் ஒரு பொட்டு வெளிய விடல."

சுடலைமுத்து மறுபடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஜெபராணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "ரெண்டு மணி நேரம் ஆயிட்டு. அடுத்த ரத்தம் எடுக்கணும், உள்ள வாங்க."

அண்ணாச்சி பேச்சை நிறுத்திவிட்டு எழுந்தார். மதினியைப் பார்க்காமலே அவர் பக்கம் கையை நீட்டினார்.

மதினி தன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"அந்த வைராக்கியத்தைப் பிடிச்சுக்கோங்க. எனக்குக் கை வலிக்கு."