ராஜா கட்டிய எண் பாட்டு

வகுப்பில் திரை கட்டி ஆட்டமும் பாட்டும் காட்டுவது இந்தக் காலத்துக் கண்டுபிடிப்பு என்று யாராவது பீற்றிக்கொண்டால் நம்பாதீர்கள். மயிலங்குடியை வீரகண்ட ராஜா ஆண்டபோதே அது நடந்து, மூக்குடைபட்டும் போயிற்று.

ராஜாவுக்குப் பாட்டுக் கட்டும் பைத்தியம் உண்டு. ஒருநாள் ஒரு குடிகாரப் பாட்டுக் கட்டினார். "ஒண்ணாம் குடம் ஊத்தடி, ஊரு சுத்துது பாரடி" என்று தொடங்கி, பத்தாம் குடத்தில் குடிகாரன் குப்புற விழுவான். பாவைக்கூத்து அதிகாரி கஸ்தூரி ராயர் அதற்குத் தோல்பாவை செய்தார். வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கேற்றி ஆட்டினார். குடத்துக்கு ஒரு தரம் பாவை இடுப்பை வெட்டும், கண்ணடிக்கும். ஊரே சொக்கிப் போயிற்று.

ராயருக்கு அது போதவில்லை. "மகாராஜா! பாட்டில் ஒன்று முதல் பத்து வரை இருக்கிறது. இதையே பள்ளிக்கூடங்களில் காட்டினால் பிள்ளைகள் எண் கற்றுக்கொள்வார்கள்" என்றார்.

தன் பாட்டு பாடமாகிறது என்றதும் ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உடனே உத்தரவு பறந்தது. பட்டப்பகலில் பள்ளிக்கூட ஜன்னல்களை அடைத்து விளக்கேற்றினார்கள். சிலேட்டுகள் மூலைக்குப் போயின.

அனந்தப்ப வாத்தியார் மட்டும் ஜன்னலை அடைக்க மறுத்தார்.

"பிள்ளைகள் வாயைத் திறந்தது திறந்தபடி பார்க்கிறார்கள். சத்தமே இல்லை! இதைவிட என்னய்யா வேண்டும்?" என்று அதட்டினார் ராயர்.

"கேள்வி கேட்கிற பிள்ளை வேண்டும்" என்றார் வாத்தியார்.

விஷயம் ராஜா காதுக்குப் போயிற்று. விஜயதசமி முடிந்த மறுநாள் வாத்தியார் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. முப்பது வருஷம் எழுத்துச் சொல்லிக்கொடுத்த மனிதர் மூட்டை கட்ட ஆரம்பித்தார். எனக்கு இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

சபையில் பூதலிங்கம் என்று ஒரு ஆள் இருந்தார். ராஜாவுக்கு ஆலோசகர், அவ்வப்போது தலைவலியும் அவர்தான். அவர் எழுந்ததுமே ராஜா கையை உயர்த்தினார்.

"பூதலிங்கம், என் பாட்டுக்கு எதிராக ஒரு வார்த்தை வந்தாலும் வாத்தியாரோடு நீயும் நடையைக் கட்டு!"

"எதிராகவா? இவ்வளவு நல்ல பாடம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும்தானா என்றல்லவா கேட்க வந்தேன்! நம் இளவரசிக்கு அந்தக் கொடுப்பினை இல்லையா?"

ராஜா பூரித்துப் போனார். ஆறு வயது இளவரசி செங்கமலம் மறுநாளே திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

பூதலிங்கம் அன்றே இன்னொரு காரியமும் செய்தார். பேத்தி படித்ததைக் காண வரும்படி ராஜாவின் மாமனாருக்கு ஓலை அனுப்பினார். மாமனார் காரைமலை நாட்டு ராஜா. தன் நாட்டில் ஒரு கள்ளுக்கடை விடாமல் இடித்தவர். அவர் செருமினாலே நம் ராஜாவுக்கு வியர்க்கும்.

மயிலங்குடியில் ஒரு வழக்கம். விஜயதசமியன்று பள்ளிப் பிள்ளை சபையில் பத்து விளக்கை எண்ணிக் காட்ட வேண்டும். வந்திருப்பவர்களில் மூத்தவர் பிள்ளைக்குப் புதுச் சிலேட்டு கொடுப்பார். இந்தத் தடவை பிள்ளை இளவரசி, மூத்தவர் மாமனார்.

"எண்ணு பார்க்கலாம், கண்ணு" என்றார் அவர்.

செங்கமலம் முதல் விளக்கைப் பார்த்தாள். இடுப்பை ஒரு வெட்டு வெட்டினாள். "ஒண்ணாம் குடம் ஊத்தடி!" என்று தாத்தாவைப் பார்த்துக் கண்ணடித்தாள். ஐந்தாம் விளக்கில் தள்ளாடினாள். எட்டில் தூணைக் கட்டிக்கொண்டாள். பத்தில் தொப்பென்று விழுந்தாள்.

சபையே தலையைக் குனிந்துகொண்டது. ராயர் மட்டும், "ஒரு எண்கூடத் தப்பவில்லை!" என்று கைதட்டினார்.

மாமனார் குனிந்தார். "பத்துக்கு அப்புறம் என்னம்மா?"

"ஒண்ணும் கிடையாது தாத்தா. ஆளு விழுந்துடுவாரு. விளக்கை அணைச்சிடுவாங்க."

மாமனார் நிமிர்ந்தார். "மாப்பிள்ளை, இந்தப் பாட்டைக் கட்டினது யார்?"

இத்தனை நாள் 'என் பாட்டு, என் பாட்டு' என்று மார்தட்டிய ராஜா விட்டத்தைப் பார்த்தார். "யாரோ... ஊர் பேர் தெரியாத ஆள், மாமா."

"தேடிப் பிடியுங்கள். பிடித்து, ராஜவீதியில் இதே பாட்டுக்கு இதே மாதிரி ஆட விடுங்கள். பிள்ளையை ஆடவிட்டவன் தானும் ஆடட்டும்!"

ராஜாவின் முகம் வெளுத்தது. "பூதலிங்கம்! தேடுகிற பொறுப்பு உன்னுடையது!" என்றார் அவசரமாக.

பூதலிங்கம் ராஜாவின் காதோரம் குனிந்தார். "உத்தரவு மகாராஜா. பாட்டைக் கட்டினது யாரென்று அனந்தப்ப வாத்தியாருக்குத் தெரியுமாம். ஆனால் அவர் நாளைக்குப் புறப்படுகிறார். காரைமலைக்குத்தான். பெரியவருடைய வண்டியிலேயே இடம் கேட்கச் சொன்னார்."

"வாத்தியார் எங்கேயும் போக மாட்டார்!" ராஜா அலறியேவிட்டார். "நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போவார். ராயரே, போய் எல்லாத் திரையையும் அவிழ்த்துவிடும்! ஜன்னலைத் திறந்துவிடும்! சிலேட்டை எடுத்துக்கொடும்!"

ராயர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினார்.

மறுநாள் விருந்து தின்றுவிட்டு மாமனார் ஊருக்குப் புறப்பட்டார். அதன் பிறகுதான் ராஜாவுக்கு மூச்சே வந்தது. நாலு நாள் கழித்துப் பூதலிங்கத்தைத் தனியே கூப்பிட்டார்.

"அந்தப் பாட்டுக்காரனைத் தேடுவதை விட்டுவிட்டாய் அல்லவா?"

"மாமனார் உத்தரவை எப்படி விடுவது, மகாராஜா? தினமும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்."

"கிடைப்பானா?"

"இப்போதைக்குக் கிடைக்க மாட்டார். ஆனால் பள்ளிக்கூடத்தில் மறுபடி திரை ஏறுகிற அன்றைக்கு, அரை நாழிகையில் கண்டுபிடித்துவிடுவேன்!"

ராஜா ஒரு கணம் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவர் கையில் வைத்தார்.