ஞானதுரையைப் பேச வச்ச பூனை

காலு ரெண்டையும் போர்வைக்குள்ள விடு. ஆங். இப்போ கேளு. நடுவுல "ம்" கொட்டணும். கொட்டலேன்னா அத்தை நிறுத்திருவேன், அப்புறம் அழக்கூடாது.

ஒரு ஊர்ல ஒரு பேசாத மனுசன் இருந்தாரு. சாயர்புரம் பக்கம். பேரு ஞானதுரை. ஊமை இல்லட்டி, நல்லாப் பேச வரும், ஆனா பேச மாட்டாரு. ஸ்கூல் வேன் ஓட்டுனவரு. உன்னை மாதிரி வாயாடிங்க இருபது பேரைத் தினம் ஏத்தி இறக்குனா யாருக்குத்தான் பேச மனசு வரும்? வீட்ல பேச்செல்லாம் அவரு சம்சாரம் எஸ்தரம்மாதான். இவருக்கு மூணே மூணு வார்த்தை. "ம்", "சரி", "பாப்போம்".

"ம்."

அதேதான். அப்புறம் என்னாச்சு, ஸ்கூல்ல அந்தப் பழைய வேனை வித்தாங்க, இவரே வாங்கிட்டாரு. சீட்டையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு, டக் டக் டக்குனு எட்டு மாசம் தட்டுனாரு. உள்ள ஒரு கட்டிலு, ஒரு அடுப்பு, கூரை மேல தண்ணித் தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. ஓடுற வீடு! எதுக்குன்னு யாருகிட்டயும் சொல்லல. முடிஞ்ச அன்னைக்குத்தான் எஸ்தரம்மாகிட்ட, "வால்பாறை போலாமா?"ன்னு கேட்டாரு. அந்தம்மா மலை மேல ஏறினதே கிடையாது. அன்னைக்கே பெட்டியக் கட்டிட்டாங்க.

அவங்க வீட்ல ஒரு பூனை. உடம்பெல்லாம் கறுப்பு, மூஞ்சி மட்டும் வெள்ளை, அவசரத்துல அப்பிக்கிட்ட மாதிரி. அதனால பேரு பவுடர். பக்கத்து வீட்ல சோறு வைக்கச் சொல்லி விட்டுட்டுத்தான் கிளம்புனாங்க. கோவில்பட்டி தாண்டுறாங்க, கட்டிலுக்கு அடியில இருந்து "ஆ...வ்வ்வ்!" பவுடர்! எட்டு மாசமா அதுதானே அந்தக் கட்டில்ல தூங்குனது. வேன் தன்னோடதுன்னே நெனச்சிருச்சு. அது ஓடும்னுதான் பாவம் தெரியல.

"ம்... அப்புறம்?"

அப்புறம் வேன் ஓட ஓட "ஆ...வ்வ்வ்"தான். எஸ்தரம்மா நெத்திலிக் கருவாட்டைக் காட்டுனாங்க. ஆவ்வ்வ். மடியில தூக்கி வச்சாங்க. ஆவ்வ்வ், பர்ர்னு ஒரு பிராண்டல். ரேடியோவைப் போட்டாங்க. ரேடியோவை விட சத்தமா ஆவ்வ்வ். அப்போ ஒரு லாரி சர்ருனு குறுக்க வந்துச்சு. ஞானதுரைக்கே கோவம் வந்து, "ஏ அண்ணாச்சி, எங்க போய்ச் சேரணும்னு இப்படிப் பறக்கீரு, கண்ணாடியப் பாத்து ஓட்டப்படாதா"ன்னு நீளமா ஒண்ணு சொன்னாரு. பூனை கப்புனு வாய மூடிருச்சு. இவரு பேச்சை நிறுத்துனாரு. அது ஆரம்பிச்சிருச்சு.

"பேசுங்க"ன்னாங்க எஸ்தரம்மா.

"என்னத்தப் பேச?"

"எதையாச்சும்."

அப்போ பாவம், அவரு ரோட்டோரம் இருக்கிற பலகையெல்லாம் வாசிச்சாரு. மதுரை நாப்பது கிலோமீட்டர், மதுரை முப்பத்தொம்பது. அது தீந்ததும் டயர் மாத்துறது எப்படின்னு பூனைக்குச் சொல்லிக் குடுத்தாரு. அப்புறம் வேன்ல எந்தெந்தப் பிள்ளை எந்தெந்த வளைவுல வாந்தி எடுத்துச்சுன்னு ஒரு கதை. பழனி வந்தப்போ சரக்கு தீந்து, திரும்ப முதல்ல இருந்து சொன்னாரு. எஸ்தரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு சிரிப்பை அடக்குறாங்க.

அப்புறம் ஆழியாறு தாண்டி மலை ஏறுனாங்க. ஒரு வளைவுல வண்டி சூடாயிருச்சு. தண்ணி ஊத்தலாம்னு நிறுத்தி, எஸ்தரம்மா கதவைத் தொறந்தாங்க. தொம்முனு மேல இருந்து ஒரு குரங்கு! பவுடர் கதவு வழியா ஒரே பாய்ச்சல். ரோட்டுக்கு அடியில மழைத்தண்ணி போறதுக்கு ஒரு குழாய் கிடந்துச்சு, சர்ருனு அதுக்குள்ள போயிருச்சு. பூனை நுழையலாம், ஆளு நுழைய முடியாது. அப்போன்னு பாத்து வானம் கடகடங்குது. மேல மழை விழுந்தாச்சு. குழாய்க்குள்ள களக் களக்குனு தண்ணி வர ஆரம்பிச்சிருச்சு.

தூங்கிட்டியா?

"இல்ல. பூனை செத்துருமா?"

கேளு. ஞானதுரை சேத்துல குப்புறப் படுத்துட்டாரு. குழாய்க்குள்ள வாய வச்சு, டயர் மாத்துறதச் சொன்னாரு. வரல. வாந்திக் கதை சொன்னாரு. வரல. எத்தன வாட்டி கேக்கும் அதுவும்! தண்ணி ஏறுது. எஸ்தரம்மா குடையப் பிடிச்சுக்கிட்டு அழுறாங்க. "ஏங்க, பேசுங்க, நிறுத்தாதீங்க."

அவரு தலையக் குழாய்க்கு இன்னும் கிட்டக் கொண்டு போனாரு. அப்புறம் மெதுவா ஆரம்பிச்சாரு.

"பவுடரு, இது யாருக்கும் தெரியாது. எங்க ஊரு கோயில் அசன விருந்துல, பந்தியில உக்காந்திருந்தேன். ஒரு பொண்ணு சாம்பார் வாளியோட ஓடி வந்து என் வெள்ளச் சட்டையில ஊத்திருச்சு. ஊத்திட்டு என்னையவே திட்டுச்சு, தள்ளி உக்காரக் கூடாதான்னு. நான் வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட சொல்லிட்டேன். கட்டுனா அந்தப் பொண்ணுதான், இல்லேன்னா கல்யாணமே வேண்டாம்னு."

எஸ்தரம்மா கையில இருந்த குடை சாஞ்சிருச்சு. முப்பத்தோரு வருசமா அவங்க என்ன நெனச்சிருந்தாங்க தெரியுமா? தான் மாமியார் பாத்து முடிச்ச பொண்ணு, இவரு வழக்கம் போல "சரி"ன்னுட்டாருன்னு.

அவரு பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போறாரு. அந்தப் பொண்ணு எந்த நிறத் தாவணி, பாட்டுக் குழுவுல எந்த வரிசையில நின்னுச்சு, எல்லாம். அப்போ இருட்டுல ரெண்டு கண்ணு. அப்புறம் வெள்ளை மூஞ்சி. அப்புறம் சொட்டச் சொட்ட முழுப் பூனை. வந்து, அவர ஏறிட்டுக் கூடப் பாக்காம, உக்காந்து காலை நக்குது. திமிரு! கொஞ்ச நேரத்துல குழாய் வாய் நிறையத் தண்ணி, குபுகுபுன்னு.

எஸ்தரம்மா முந்தானையால பூனையைத் துவட்டுறாங்க. ஒரு வார்த்தை பேசல. அவங்க பேசாம இருந்து அன்னைக்குத்தான் பாத்தாரு மனுசன். ரொம்ப நேரம் கழிச்சு, "இத்தன வருசமா ஏன் என்கிட்ட சொல்லல?"ன்னு கேட்டாங்க.

"நீ எங்க பேச விட்ட?"

எஸ்தரம்மா சிரிச்சு, அழுது, திரும்பச் சிரிச்சு, வேன்ல ஏறி உக்காந்தாங்க.

"ம்..."

மழை விட்டுச்சு. ரெண்டு பக்கமும் தேயிலை. அவரு பேசிக்கிட்டே ஓட்டுறாரு. வளைஞ்சு வளைஞ்சு ஏறுனாங்க. அப்புறம் குரலைக் குறைச்சாரு. அப்புறம் நிறுத்திட்டாரு.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"பவுடர் தூங்கிருச்சு."

"நான் தூங்கலியே"ன்னாங்க எஸ்தரம்மா.

அவரு தொண்டையச் செருமிக்கிட்டு, விட்ட இடத்துல இருந்து ஆரம்பிச்சாரு.

ஏட்டி... "ம்" எங்க?

சரி. வேனும் போய்ச் சேந்தாச்சு, கதையும் போய்ச் சேந்தாச்சு. தூங்கு கண்ணு.