ஓடாத நிரல்

சென்னியப்பன் திலகவதியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆனாலும் கெர்னல் வேலையை அவளிடம்தான் கற்றுக்கொண்டார். வாய் நிறைய "வாத்தியாரம்மா" என்றுதான் கூப்பிடுவார். குறைமாதக் குழந்தைகளுக்கு மூச்சுக் கொடுக்கும் இயந்திரம் ஒன்றைக் கோயம்புத்தூரில் அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். அதன் உள்ளே எல்லா வேலையையும் கட்டி மேய்க்கும் மென்பொருள்தான் அந்தக் கெர்னல்.

அன்று காலை அவர் முகம் கடுகடுவென்று இருந்தது.

"வாத்தியாரம்மா, லிங்கர் ஸ்கிரிப்டைப் பார்த்தனுங்க. என்னோடதைக் கொண்டுபோய்க் கடைசியில தள்ளியிருக்கீங்க."

எந்த நிரல் மெமரியில் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்வது லிங்கர் ஸ்கிரிப்ட். கல்யாணப் பந்தியில் ஆளை எழுப்பி ஆளை உட்காரவைக்கும் சித்தப்பா வேலை அதற்கு. ஓயாமல் ஓடும் நிரல்கள் ஒட்டி ஒட்டி முன்னால் இருக்கும். என்றைக்கோ ஓடுபவை எட்டத்தில் கிடக்கும்.

சென்னியப்பன் எழுதியது, மூச்சை அளக்கும் சென்சார் செத்தாலும் மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்ளும் பகுதி. இரண்டு வருட உழைப்பு அது. மனுஷனுக்கு வலிக்காதா?

"எங்க வெக்கோணும்ங்கண்ணா?"

"முன்னால. மூச்சுக் கொடுக்கறதுக்குப் பக்கத்துல."

"வெச்சுப் பாருங்க."

அவர் வைத்தார். சோதனைக்காக மேஜைமேல் இருந்த ரப்பர் நுரையீரல் எப்போதும்போல் உப்பி இறங்கியது. ஆனால் திரையில் மூச்சுக்கோடு அங்கங்கே பிந்தியது. நுரையீரலைப் பார்த்தால் தெரியாத பிந்தல்தான். அளக்கும் கருவி காட்டிக்கொடுத்துவிட்டது.

"என்னோடது ஓடவே இல்லீங்களே?"

"ஓடலை. பக்கத்துல இருக்கறதால கூடவே வந்துருது. பிராசஸர் கையோட வெச்சுக்கற இடம் சட்டைப்பை அளவுதானுங்க. இது உள்ள வந்தா மூச்சு வெளிய போகோணும்."

சென்னியப்பன் தன் நிரலைப் பழைய கோடிக்கே கொண்டுபோனார்.

"அப்படின்னா அதை எடுத்தே போட்டுருங்க. ஒரு நாளும் ஓடாததுக்கு நான் எதுக்கு, அது எதுக்கு?"

திலகவதி கையை நீட்டிச் சென்சார் வயரை வெடுக்கென்று பிடுங்கினாள்.

அலாரம் அலறியது. ரப்பர் நுரையீரல் நிற்கவில்லை. ஒரு மூச்சுகூடத் தப்பவில்லை. இரண்டு மூச்சுக்கு நடுவே இருந்த இடைவெளியில், அந்தக் கோடியிலிருந்து அது எழுந்து வந்து பொறுப்பை வாங்கிக்கொண்டது.

சென்னியப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. தனியாகச் சோதித்திருக்கிறார்; முழு இயந்திரத்தில் ஓடித் தன் கண்ணால் பார்த்ததில்லை. இதை நானா எழுதினேன் என்று மலைத்துப்போய் நின்றார்.

"நெசமாலுமே இது என்னைக்குத்தானுங்க ஓடும்?"

"வாங்க" என்றாள் அவள்.

அவள் கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் அவர்களுடைய முதல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளங்கை அகலமே இருந்த மார்பு ஒன்று, மேஜைமேல் பார்த்த அதே தாளத்தில் ஏறி இறங்கியது. சென்னியப்பன் கையைக் கட்டிக்கொண்டார். கோயிலில் நிற்பதுபோல் குரல் தானாகத் தணிந்தது.

"என்னோடது ஓடுச்சுங்களா?"

திலகவதி திரையைப் பார்த்தாள். "ஒரு தடவைகூட இல்லீங்க."

பக்கத்தில் நாற்காலியில் இருந்த குழந்தையின் அம்மா எழுந்தாள். "நீங்கதான் மெஷின் செஞ்சவங்களா? இதுல நீங்க என்னங்கய்யா செஞ்சீங்க?"

சென்னியப்பன் திலகவதியைத் திரும்பிப் பார்த்தார்.

திலகவதி சொன்னாள்: "உங்க பாப்பாவுக்குத் தேவையே படக்கூடாதுன்னு நாங்க எல்லாரும் வேண்டிக்கறோம் பாருங்க, அதை இவரு செஞ்சாருங்க."