ஐஸ் பெட்டியில் அம்மாவின் ரத்தம்

தவமணி அம்மையாரைவிட அவருடைய சீடர் குழந்தைவேல் வயதில் மூத்தவர். ஈரல் கெட்டு அம்மையார் ஆஸ்பத்திரியில் படுத்தபோது, சோறு தண்ணி இல்லாமல் கூடவே கிடந்தவரும் அவர்தான்.

ரத்தத்தில் அம்மோனியா ஏறினால் நினைவு தப்பும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று காலை அம்மையார் குழந்தைவேலைக் கூப்பிட வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. குழந்தைவேல் நர்ஸைக் கூப்பிட ஓடினார்.

நர்ஸ் ரத்தம் எடுத்து, அந்தச் சின்னக் குழாயை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்தாள்.

"எதிர்க் கட்டடத்துல லேப். நேரா கொண்டு போயிடுங்க ஐயா."

கொண்டு போனார். மதியம் ரிசல்ட் வந்தது. அம்மோனியா எக்கச்சக்கம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றச் சொல்லிவிட்டார் டாக்டர். அங்கே யாரையும் உள்ளே விடமாட்டார்கள்.

கட்டிலை நகர்த்த நர்ஸ் வந்தாள். குழந்தைவேல் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"அம்மா, இந்தப் பயத்த நான் எங்க கொண்டு போய்க் கொட்டுவேன்?"

அம்மையார் அவர் நெற்றியைப் பார்த்தார். புதுத் திருநீறு.

"ரத்தத்த எப்படிக் கொண்டு போனீங்க?"

"பெட்டியிலதான்..."

"வழி பூராவுமா?"

குழந்தைவேல் தலையைக் குனிந்துகொண்டார். "உங்க ரத்தம் ஐஸ்ல வெறைச்சுக் கெடக்கறத மனசு தாங்கல. எடுத்துக் கைக்குள்ள பொத்தி வச்சுக்கிட்டேன். வாசல் பிள்ளையாருக்குத் தீபாராதனை முடியிற வரைக்கும் நின்னேன். அப்புறம் பெட்டியில வச்சுக் குடுத்துட்டேன்."

நர்ஸ் தலையில் கைவைத்தாள். "சூட்டுல இருந்தா குழாய்க்குள்ளயே அம்மோனியா ஏறிக்கிட்டே போகும் ஐயா. அதுக்குத்தானே ஐஸ்."



அம்மையார் கையை நீட்டினார். "மறுபடி எடும்மா. அவர்கிட்டயே குடு."

குழந்தைவேல் பின்வாங்கினார். "வேண்டாம்மா. வேற யாராவது..."

"அவர்கிட்டயே."

பிள்ளையாரைத் தாண்டும்போது குழந்தைவேலின் கால் அந்தப் பக்கம் இழுத்தது. நிற்கவில்லை. பெட்டியைத் திறக்கவும் இல்லை.

இந்த முறை அம்மோனியா பாதிகூட இல்லை. மருந்திலேயே இறங்கிவிடும், இடம் மாற்ற வேண்டாம் என்றார் டாக்டர்.

குழந்தைவேல் கட்டிலருகே வந்து நின்றார்.

"ஒரே உடம்புதானே அம்மா. காலையில அவ்வளவு எங்கிருந்து வந்துச்சு?"

"எங்கிட்ட இருந்தது இவ்வளவுதான், குழந்தைவேல். மிச்சம் உங்க கைக்குள்ள ஏறினது."